சேலத்திலிருந்து பெட்டி கட்டுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்மாபேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்தில் இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்து கிடக்கின்றன. அரைமணிக்கு ஒருமுறை அம்மா வந்து எதையாவது உள்ளே செருகிவிட்டுப் போகிறார், அவர் திரும்பியதும் நான் அதை எடுத்து வெளியே வைக்கிறேன். ஒன்பது வருடமாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை. பையனுக்குக் கோடை விடுமுறை ஜூலை கடைசியில்தான் தொடங்குகிறது என்பதால் வருடத்துக்கு ஒருமுறை ஆடியில் நான்கு வாரம் சேலம். வந்து இறங்கிய நாளிலிருந்து தெருவில், கல்யாண வீட்டில், பல் டாக்டரிடம் காத்திருக்கும் பெஞ்சில் என்று எல்லா இடத்திலும் இதே கேள்விகள்தான். பிள்ளையை முதல்முறை அனுப்புகிற அம்மாக்கள் கேட்கிறார்கள், படிக்கப் போகிற பிள்ளைகள் கேட்கிறார்கள். வாய் வலிக்கிறது, அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் சொல்வது ஜெர்மனிக் கணக்கு. உணவு கொண்டுபோகும் விதிகள் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வளைகுடா, சிங்கப்பூர் போகிறவர்களுக்கு வேறு விதி, அதில் ஒன்றை மட்டும் கசகசா விஷயத்தில் கீழே சொல்லியிருக்கிறேன், அதைத் தவறாமல் படித்துவிடுங்கள்.

அக்கா, தட்டுவடை செட்டை அங்கே கொண்டுபோக முடியுமா?

செட்டாக முடியாது. பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம். ஒன்பது வருடத்தில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் இந்த ஒரு பதிலில் அடக்கம், மற்ற பதில்களெல்லாம் இதன் பிள்ளைகள்தான்.

தட்டுவடை செட் என்பது சாயங்காலம் தள்ளுவண்டி முன்னால் நின்றுகொண்டே சாப்பிடுகிற பண்டம். ஒரு தட்டுவடை, மேலே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சைச் சட்னி ஒரு கரண்டி, சிவப்புச் சட்னி ஒரு கரண்டி, அதை மூட இன்னொரு தட்டுவடை. வாயில் போட ஒரு நிமிடம் தாமதித்தாலே நமத்துவிடும். அதை டப்பாவில் அடைத்து பத்து மணிநேர விமானத்தில் கொண்டுபோக நினைப்பது வீண் ஆசை. முதல் வருடம் சட்னியையும் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனேன். அது பெட்டிக்குள் வெடித்து, வேலையில் சேரும் நாளுக்காகத் தைத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை பச்சையாகிப்போனது.

இப்போது தட்டுவடையை மட்டும்தான் எடுத்துப் போகிறேன். உருளை சிப்ஸ் விற்கிற நீளமான வட்ட டப்பா இருக்கிறதல்லவா, அதைக் கழுவிக் காயவைத்துப் பத்திரப்படுத்திவிடுங்கள். சின்னத் தட்டுவடை அதில் காசு அடுக்கின மாதிரி நிற்கும். மேலே இரண்டு விரல்கடை இடம் விட்டு அதில் டிஷ்யூ பேப்பரைத் திணித்து ஆட்டம் இல்லாமல் மூட வேண்டும். பீட்ரூட்டும் கேரட்டும் ஜெர்மனியில் மலிவு. ஆனால் பீட்ரூட்டை அங்கே வேகவைத்து பிளாஸ்டிக் உறையில் விற்பார்கள், அதை வாங்கிவிடாதீர்கள், பச்சையாக மண்ணோடு இருப்பதைத் தேடுங்கள். கொத்தமல்லியும் புதினாவும் துருக்கிக்காரர் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பூண்டுக்குப் பஞ்சமே இல்லை. வரமிளகாய் மட்டும் நம் ஊரிலிருந்து.

உடைந்துவிடுமே என்று பயப்படாதீர்கள். உடைந்த தட்டுவடைக்கென்றே ஒரு பண்டத்தைக் கண்டுபிடித்த ஊர் இது. உடைந்ததையெல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு, அதே காய், அதே சட்னி, எலுமிச்சை பிழிந்து கலந்தால் நொறுக்கல்! பெட்டி பெல்ட்டில் எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று கையில் மிஞ்சும்.

மாம்பழம்?

கூடாது. மாங்காயும் கூடாது.

2019 டிசம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எந்தப் பச்சைக் காய்கனியைக் கொண்டுபோனாலும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. ஒரு தேங்காயைத் தாராளமாகக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கலாம், ஒரு கிளிமூக்கு மாங்காயோடு இறங்கினால் குப்பைத்தொட்டிக்குப் போகும். காரணம் பழ ஈ. 2014ல் இந்திய மாம்பழத்தையே ஐரோப்பா மொத்தமாகத் தடை செய்திருந்தது, அடுத்த வருடம்தான் விலக்கினார்கள்.

மூன்றாம் வருடம் எனக்குத் தெரியாமல் அம்மா கைப்பைக்குள் இரண்டு மாங்காயைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். சுங்கத்தில் பையைத் திறந்தார்கள். அந்த அதிகாரி மாங்காயைக் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தமான முகத்தோடுதான் தொட்டியில் போட்டார். தப்பு எங்களுடையது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, ஊறுகாய் போட்டுச் சாப்பிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அப்போ வேறு எதையெல்லாம் எடுக்கக் கூடாது?

கறியும் பாலும் சேர்ந்த எதுவும் கூடாது. நெய், பால்கோவா, பன்னீர், உப்புக்கண்டம் எல்லாம் இதில் அடக்கம். பிஸ்கட், கேக், சாக்லேட், மிட்டாய் வகைகளுக்கு விலக்கு உண்டு. சந்தேகமே வேண்டாம் என்றால் கடலை உருண்டை, எள்ளுருண்டை, கச்சாயம் பக்கம் போய்விடுங்கள். நெய்யைப் பற்றி அழ வேண்டாம், அங்கே வெண்ணெய் நன்றாகவே இருக்கும், கால் மணிநேரத்தில் உருக்கிக்கொள்ளலாம், கடைசியில் ஒரு முருங்கை இலை போட முடியவில்லையே என்பது மட்டும்தான் குறை.

பச்சைக் கறிவேப்பிலை கூடாது. கொப்பரையை விமானத்தில் எடுக்கவே கூடாது, எண்ணெய்ச் சத்து அதிகம், அடைத்து வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானக் கணக்கில் அது ஆபத்தான சரக்கு. முழுத் தேங்காய் போகலாம், கொப்பரை போகக் கூடாது, இந்த வித்தியாசத்தை என் மாமியாருக்குப் புரியவைக்க இரண்டு வருடம் ஆனது.

அப்புறம் கசகசா. குருமாவுக்குத்தானே, ஒரு சின்னப் பொட்டலம்தானே என்று வைத்துவிடுவார்கள். ஜெர்மனியில் கசகசா குற்றமே இல்லை, அங்கே அதை ரொட்டி மேலே தூவியும் கேக்குக்குள் அடைத்தும் விற்கிறார்கள், நிறம் மட்டும் கருநீலம். ஆனால் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதியிலும் கத்தாரிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் கணக்கில் வரும், சிறையே கிடைக்கும். துபாய் வழியாக டிக்கெட் போட்டிருந்தால் சும்மா விமானம் மாறத்தானே இறங்குகிறோம் என்று நினைக்காதீர்கள். கசகசாவைத் தொடவே தொடாதீர்கள், போய்ச் சேர்ந்த பிறகு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

கருவாடு?

சிரிக்காதீர்கள், கருவாட்டுக்கு அனுமதி உண்டு. ஒரு ஆளுக்கு 20 கிலோ வரை மீன் கொண்டுபோகலாம் என்று விதியே இருக்கிறது. நெய்யைத் தடுக்கிறவர்கள் நெத்திலியை விடுகிறார்கள்.

பிரச்சினை சுங்கத்தில் இல்லை, சமைக்கும்போது. ஒரு குளிர்கால ஞாயிற்றுக்கிழமை, ஜன்னலைத் திறக்க முடியாத குளிர், ராகிக் களி கிண்டிவிட்டு அதற்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, மிகவும் மரியாதையாக, கட்டடத்தில் சாக்கடைக் குழாய் எங்காவது அடைத்திருக்கிறதா, உங்களுக்கும் வாடை வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்று நானும் சொன்னேன். வேறென்ன சொல்வது?

ராகி மாவு, இட்லி அரிசியெல்லாம் இங்கிருந்தே சுமக்க வேண்டுமா?

வேண்டாம், ஈழத்தமிழர் கடை இருக்கும் ஊரென்றால் எடையை அங்கே வீணாக்காதீர்கள். ஜெர்மனியில் எண்பதுகளில் வந்து சேர்ந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்தும் கடைகள் பெரிய ஊர்களில் எல்லாம் இருக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், உளுந்து எல்லாம் வரும், கறிவேப்பிலை விலையைப் பார்த்தால் மட்டும் நெஞ்சு அடைக்கும். இங்கே காய்கறிக் கடையில் காய் வாங்கினால் கொசுறாகக் கிடைக்கிற சாமான் அது.

சொல் வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போன புதிதில் கடையில் ராகி மாவு இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லைத் தங்கச்சி" என்றார் கடைக்காரர். மூன்று மாதம் ராகி இல்லாமலேயே ஓட்டினேன். ஒருநாள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் குரக்கன் மா என்று எழுதிய பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், ராகி! "இதைத்தானே அண்ணை கேட்டேன்" என்றதற்கு, "நீங்கள் குரக்கன் எண்டு கேக்கேல்லையே" என்றார். எலுமிச்சை அங்கே தேசிக்காய், நிலக்கடலை அங்கே கச்சான். அந்தக் கடையில்தான் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாளுக்கு 2002ல் கோபுரத்தோடு கட்டிய கோயில் பற்றியும் முதலில் கேள்விப்பட்டேன். தேர்த் திருவிழாவுக்கு ஒருமுறை போனோம். ரயிலில் பாதி நாள் போய்விட்டது, ஆனால் கூட்டத்தில் நின்று வியர்த்ததில் ஒரு நிம்மதி.

ஜவ்வரிசி?

சேலத்துக்காரர்கள் அங்கே போய் ஏமாறும் முதல் சாமான் இதுதான். ஜெர்மன் கடையில் சேகோ என்று சின்ன வெள்ளை மணி விற்பார்கள். ஆஹா என்று வாங்கிவிடாதீர்கள், பல பாக்கெட்டுகளில் உள்ளே இருப்பது உருளைக்கிழங்கு மாவு. பாயசம் வைத்தால் வேறு ஏதோ ஆகிறது. தாய்லாந்துச் சரக்கு ஆசியக் கடைகளில் கிடைக்கும், அது மரவள்ளிதான், நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்கிறோமே அது, பரவாயில்லை.

நான் இங்கிருந்தே இரண்டு கிலோ எடுத்துப் போகிறேன், கொஞ்சம் ஊர்த்திமிர்தான். உலகப்போர் சமயத்தில் மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோக, 1943ல் சேலத்துக்காரர்கள் குச்சிக்கிழங்கை அரைத்துச் செய்ய ஆரம்பித்தது, 1981ல் சேகோசர்வ் என்று கூட்டுறவுச் சங்கம் வைக்கிற அளவுக்கு வளர்ந்து, 2023ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு தாய்லாந்து ஜவ்வரிசியில் வடகம் போடுவதா? போடவும் முடியாது, ஸ்டுட்கார்ட் வெயிலில் வடகம் காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். சித்திரை வெயிலில் அம்மா மொட்டைமாடியில் வேட்டி விரித்து ஊற்றிக் காயவைத்ததைத்தான் கொண்டுபோகிறேன். எடை இல்லை, இடம்தான் அடைக்கும், துணிகளுக்கு நடுவே சந்துபொந்தில் செருகிவிடலாம்.

மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது அக்கா.

ஓவனை ஏற்றாதே, உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வைத்து மூடிவிடு. இங்கே எட்டு மணிநேரத்தில் பொங்குவது அங்கே குளிர்காலத்தில் ஒரு நாள் முழுக்க எடுக்கும், அவசரப்படாதே. அரைத்ததும் கையால் நன்றாகக் கரை, கரண்டி வேண்டாம்.

கிரைண்டர் கொண்டுபோகலாமா என்பது இதோடு ஒட்டின கேள்வி. மின்சாரம் ஒன்றுதான், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், பிளக் மட்டும் மாற்ற வேண்டும். எடைதான் யோசனை. நான் இரண்டாம் வருடம் ஒரு பெட்டியை முழுக்கக் கிரைண்டருக்கே கொடுத்தேன், கல்லைத் தனியாகக் கழற்றித் துண்டில் சுற்றி வைத்தேன். எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார்கள். மாவாட்டும் கல் என்று ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் வரிசையில் பின்னால் நின்ற ஒரு மதுரைக்கார அம்மா, "ஆட்டுக்கல்லுப்பா, விடுங்கப்பா" என்று தமிழிலேயே சொல்லி முடித்துவிட்டார். சென்னை விமான நிலையம் என்பதால் பிழைத்தோம்.

ஏற்காடு காப்பி எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்?

கையில் கொண்டுபோனால் தாராளம். விமானத்தில் போகும் பெரியவர் ஒருவர் 430 யூரோ மதிப்பு வரை சாமான் கொண்டுபோகலாம், காப்பியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். தபாலில் அனுப்பினால்தான் வம்பு, அதைக் கீழே சொல்கிறேன்.

எப்படி என்பதுதான் முக்கியம். தூளாக எடுக்காதீர்கள். அரைத்த தூளின் மணம் பத்து நாளில் ஓடிவிடும், அப்புறம் கசப்புதான் மிச்சம். வறுத்த கொட்டையாக வாங்கி, அங்கே ஒரு கைமில் வாங்கி வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள். சிக்கரியைத் தனியாக எடுங்கள், அல்லது எடுக்கவே எடுக்காதீர்கள். காப்பிக்குப் பதிலாகச் சிக்கரியை வறுத்துக் குடிக்கிற பழக்கம் ஜெர்மனியில் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே இருப்பது, இயற்கை உணவுக் கடையில் கேட்டால் கிடைக்கும். செட்டைப் பிரிக்கிற அதே கதைதான்.

ஒவ்வொரு லீவிலும் ஒரு நாள் மேலே போய்விடுவேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, பையன் பன்னிரண்டாவதில் வாந்தி எடுப்பான், அது வழக்கமாகிவிட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காப்பி, இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடியோடு நிற்கிறது. தோட்டத்திலிருந்து நேராக வாங்க முடிந்தால் மிளகையும் அங்கேயே வாங்கிவிடுங்கள்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், பால்தான் அங்கே தோற்கும். நீண்டநாள் கெடாத பால் வேண்டாம், குளிர்பெட்டியில் இருக்கும் 3.5 சதவீதக் கொழுப்புப் பாலை வாங்கி, பொங்கவிட்டு, இன்னும் ஐந்து நிமிடம் சுண்டவிட்டால் கிட்டத்தட்ட வரும். அந்தக் கிட்டத்தட்டவோடுதான் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது.

குழம்பு மிளகாய்த்தூள்?

லீ பஜாரில் மல்லியும் வரமிளகாயும் வாங்கி, காயவைத்து, வறுத்து, மில்லில் அரைத்து, ஒரு ராத்திரி பேப்பரில் பரப்பி ஆறவிட்டுத்தான் பாக்கெட் போட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்து வண்டு பிடிக்கும். இரண்டு உறை போடுங்கள். வேறொன்றுமில்லை.

அங்கே போனதும் முதல் வாரம் என்ன வேலை?

தபால்பெட்டியில் உன் பெயரை ஒட்டு. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஜெர்மனியில் வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எல்லாம் கடிதத்தில்தான் வரும், பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் தேடிக்கொண்டிருக்க மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். எனக்கு ஒருமுறை வங்கி அட்டை இப்படித்தான் திரும்பிப்போய், இரண்டு வாரம் கையில் இருந்த சில்லறையில் வாழ்ந்தேன். வீடு மாறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும், சாவி வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடு.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, சட்டமே அப்படி. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாலும் வெங்காயமும் வாங்கிவிட வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் வெள்ளி, ஞாயிறு, திங்கள் மூன்றும் அடைப்பு. தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள், காலி பாட்டிலைக் கடை இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். கோலி சோடா குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. அப்பா வந்திருந்தபோது பூங்காவில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டார், கணக்குப் போட்டு நாலரை யூரோ.

மாடிப்படி கூட்டச் சொல்கிறார்கள் என்கிறான் என் மகன், நிஜமா கண்ணு?

நிஜம்தாங்க. ஸ்டுட்கார்ட் பக்கம் அதற்குக் கேர்வோகே என்று பெயர், கூட்டும் வாரம். ஒரு வாரம் இந்த வீடு, அடுத்த வாரம் அந்த வீடு என்று முறை வைத்துப் படிக்கட்டையும் வாசலையும் கூட்டித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் ஒரு அட்டை தொங்கும். வெளியூரிலிருந்து வந்த ஜெர்மன்காரர்களே இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை, விடிகாலையில் வாசல் தெளிக்காத வீட்டைத் தெருவே பேசும் ஊரில் பிறந்தவள்தானே. ஊரும் அப்படித்தான் இருக்கும், சேலம் மாதிரியே சுற்றி மேடு, நடுவில் கிண்ணம் மாதிரி நகரம்.

அம்மா வந்திருந்த வருடம், என்னிடம் சொல்லாமல் ஐந்து மணிக்கு எழுந்து, அடுக்குமாடிக் கதவுக்கு வெளியே அரிசிமாவில் ஒரு சிக்குக் கோலம் போட்டுவிட்டார். எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் தரை பளபளவென்று இருக்கிறது. யாரோ மாவைக் கொட்டிவிட்டார்கள் என்று எதிர்வீட்டு அம்மாள் பொறுப்பாகத் துடைத்துவிட்டிருக்கிறார். அது அவர்கள் வாரம்கூட இல்லை. அம்மா மறுநாள் மறுபடி போட்டார். மூன்றாம் நாள் இருவரும் வாசலில் நேருக்கு நேர் சந்தித்துவிட்டார்கள், மொழி இல்லாமல் என்ன பேசினார்களோ, அதிலிருந்து அந்தக் கோலத்தை யாரும் தொடவில்லை.

லீவில் சேலம் வந்தால் எந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்?

பல் டாக்டர், வங்கி, தையல்காரர், இந்த வரிசையில். மூன்றுக்கும் இரண்டாம் முறை போக வேண்டியிருக்கும், அதனால் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். கொலுசு வாங்க, மாற்ற செவ்வாய்பேட்டைக்குப் போவதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளலாம், அது வேலை இல்லை, சந்தோஷம்.

வங்கியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வேலைக்குப் போன பிறகு பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நிறையப் பேர் மாற்றுவதில்லை. அங்கே சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனி, அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் மேல்வரியும் பிடித்துவிடுவார்கள். ஜெர்மனியோடு இந்தியாவுக்கு இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் அதை 10 சதவீதமாகக் குறைக்கலாம், அதற்கு அங்குள்ள வரி அலுவலகத்தில் நீ அங்கே வசிப்பவள் என்று ஒரு சான்றிதழ் வாங்கி வர வேண்டும். நான் அதை எடுக்காமல் வந்து ஒரு கிளையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன், மூன்றாம் நாள் காவலாளி எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

ஊர் சிம் கார்டைச் சாகவிடாதீர்கள். எல்லா ஓ.டி.பி.யும் அதில்தான் வருகிறது. ஆதார் இல்லாதவர்கள் வந்த உடனேயே இந்திய பாஸ்போர்ட்டைக் காட்டி விண்ணப்பிக்கலாம், முன்பு மாதிரி 182 நாள் தங்கியிருக்க வேண்டியதில்லை.

பாஸ்போர்ட்டை இங்கேயே புதுப்பித்துவிடலாமா?

சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே சேவை மையம் இருக்கிறதென்று ஆசை வரும். போலீஸ் விசாரணை இழுத்தால் உங்கள் லீவு முடிந்துவிடும். ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பவர்களுக்கு மியூனிக்கிலுள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான், அங்கே கொடுங்கள்.

நம்ம ஊர் லைசென்ஸ் செல்லுமா?

குடியேறி ஆறு மாதம் வரை. அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டும் புதிதாக எழுத வேண்டும். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டியிருக்கிறேன் என்று சொன்னேன், பயிற்சியாளர் மசியவில்லை.

சென்னையில் இறங்குவதா, பெங்களூரிலா?

பெங்களூர் சேலத்துக்குக் கிட்டே, 200 கிலோமீட்டர்தான், சென்னை 340. ஆனால் பெங்களூர் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம் தேவனஹள்ளியில் இருக்கிறது, நகரத்தை முழுக்கக் கடந்து ஓசூர் சாலையைப் பிடிப்பதற்குள் ஒரு தூக்கம் தூங்கி எழலாம். நடுராத்திரி இறங்கும் விமானமென்றால் பெங்களூர், பகலென்றால் சென்னை வந்து ரயில். ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் 2023 அக்டோபரிலிருந்து மறுபடி விமானம் வருகிறதே என்பார்கள். வரும்போது சரி. திரும்பும்போது உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் பெரும்பாலும் 15 கிலோதான் விடுவார்கள், உங்களிடம் 23 கிலோவில் இரண்டு பெட்டி இருக்கும். வடகத்தை விமான நிலைய வாசலில் உட்கார்ந்து பங்கு போட வேண்டியதுதான்.

பார்சலில் அனுப்பிவிடலாமே?

தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோ மதிப்பு வரை வரியில்லாமல் போகும். அதில் காப்பி 500 கிராம்தான். ஜெர்மனியில் காப்பிக்கென்றே தனி வரி இருக்கிறது, வறுத்த கொட்டைக்குக் கிலோவுக்கு 2.19 யூரோ, அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். நெய், பால் பொருளுக்குப் பெட்டியில் இருக்கும் தடை பார்சலிலும் உண்டு. உள்ளே என்னவென்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "தின்பண்டம்" என்று மட்டும் எழுதிய பார்சலுக்காக நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு சுங்க அலுவலகம் போய், அதிகாரி முன்னால் கத்தியால் பிரித்து, முறுக்கு என்றால் என்னவென்று விளக்கியிருக்கிறேன். ஒன்றை எடுத்து நீட்டினேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்து எப்போது வருகிறீர்கள்?

ஆட்டோக்காரர், தையல்காரர், பூக்காரம்மா, யாரும் இதைக் கேட்காமல் விடுவதில்லை. இத்தனை வருடமும் அடுத்த ஆடிக்கு என்றுதான் சொன்னேன். ஆடியில் வந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை கிடைக்கும், குகை வட்டாரத்தில் வேஷம் கட்டி வண்டிகளில் ஊர்வலம் வருகிற வண்டி வேடிக்கை கிடைக்கும், கூழ் கிடைக்கும். மாம்பழம் கிடைக்காது. நான் இறங்கும்போது மண்டியில் கடைசி நீலம் சுருங்கிக் கிடக்கும். மாங்கனி நகரம் என்று ஊர் பெயர் சொல்லிக்கொண்டு ஒன்பது வருடமாக ஒரு மல்கோவா சாப்பிடவில்லை, என் பையன் குண்டு மாம்பழத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான், அங்கே கடையில் விற்கிற பிரேசில் மாம்பழத்தைத்தான் மாம்பழம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

ஜெர்மனியில் எங்கள் மாநிலத்தில் பெந்தெகொஸ்தே பண்டிகைக்குப் பள்ளிக்கு இரண்டு வாரம் விடுமுறை உண்டு, மே கடைசி, ஜூன் தொடக்கம் வாக்கில் வரும். டிக்கெட் விலை அதிகம், இரண்டு வாரத்தில் பல் டாக்டரையும் வங்கியையும் முடிக்க முடியாது, வண்டி வேடிக்கையும் போய்விடும். எல்லாம் யோசித்தாகிவிட்டது. அடுத்த வருடம் அப்போதுதான் வருகிறோம். நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார், எங்கே என்று கேட்டதற்கு, சின்னக்கடை வீதியில் பழக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்தால்தான் நல்ல காயாக வைக்கோலில் போட்டு வைப்பார் என்றார். இன்னும் பத்து மாதம் இருக்கிறது.